முப்பதாம் எண்

பயப்படுவதற்கு எனக்குப் பெரிய காரணம் எதுவும் எப்போதும் தேவைப்பட்டதில்லை. பஸ் ஏறினால் டிக்கெட் இருக்கிறதா என்று மூன்று முறை தொட்டுப் பார்ப்பேன். பரீட்சை முடிந்து வந்த பிறகு, பதிவு எண்ணைச் சரியாக எழுதினேனா என்று ஒரு வாரம் சோறு இறங்காது. இப்படிப்பட்ட ஒருத்தியிடம் முப்பது பெண்களின் ரத்தத்தை ஐஸ் பெட்டியில் வைத்துக் கொடுத்து, கூடலூரிலிருந்து மதுரைக்குப் பஸ்ஸில் கொண்டுவரச் சொன்னால் என்ன ஆகும்? கம்பம் வருவதற்குள் இரண்டு முறை மூடியைத் திறந்து பார்த்தேன். உத்தமபாளையத்தில் ஒரு முறை. தேனி பஸ் ஸ்டாண்டில் ஒரு முறை. பக்கத்து சீட்டில் இருந்தவர், "என்னம்மா, பெட்டியில மீனா? ஒழுகுதா?" என்று கேட்டார். ரத்தம் என்று சொன்னால் எழுந்து ஓடிவிடுவார் என்று நினைத்து, ஆமாம் என்று தலையை ஆட்டி வைத்தேன்.

அப்போது மதுரையில் ஒரு பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவியாக இருந்தேன். எங்கள் தெருவில் இரண்டு வீட்டில் மட்டும் செல்போன் இருந்த காலம். ஒருவர் வசிக்கும் இடம் அவர் உடம்பை என்ன செய்கிறது என்பதுதான் ஆராய்ச்சி. வழிகாட்டியாக இருந்த மேடம் அடிக்கடி சொல்வார்: "ஆளை அப்புறம் பார்க்கலாம். முதல்ல அவங்க வீட்டு ஜன்னலைத் திற. என்ன காத்து உள்ள வருதுன்னு பாரு."

ரத்தத்தில் ஒரு நொதி இருக்கிறது. பூச்சிமருந்து உடம்பில் ஏற ஏற அதன் அளவு இறங்கும். கம்பம் பள்ளத்தாக்கில் திராட்சைப் பந்தல்களுக்கு நடுவே குடியிருக்கும் பெண்களுக்கு அது இறங்கியிருக்கிறதா என்று பார்ப்பது என் வேலை. ஒப்பிட்டுப் பார்க்க, பந்தலே இல்லாத ஊர் ஒன்றும் வேண்டும். மேடம் கேட்ட மறுநிமிடமே நான் எங்கள் ஊரைச் சொன்னேன். லோயர்கேம்ப் போகிற வழியில் உள்ள சின்ன ஊர். ஆற்றுத் தண்ணீர், நெல்வயல், மேலே மலை. கொடிப்பந்தல் ஒன்றுகூடக் கிடையாது. அறுவடை முடிந்து வயல் சும்மா கிடந்த சமயம் என்பதால் நெல்லுக்கு அடிக்கிற மருந்தும் இல்லை. இதைவிடச் சுத்தமான ஊர் எங்கே கிடைக்கும் என்று எனக்குள் ஒரு பெருமைகூட இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை ரத்தம் எடுத்தோம். மற்ற நாட்களில் பெண்கள் யாரும் வீட்டில் இருக்க மாட்டார்கள். சமுதாயக் கூடத்தில் பெஞ்சு போட்டு, லேப் டெக்னீஷியன் ஊசியோடு உட்கார்ந்தார். நான் படிவத்தை வைத்துக்கொண்டு ஒவ்வொருவரிடமும் கேள்வி கேட்டேன். எத்தனை வருடமாக இந்த வீட்டில் இருக்கிறீர்கள்? வீட்டுக்கும் தோட்டத்துக்கும் எவ்வளவு தூரம்? நீங்கள் பூச்சிமருந்து அடிப்பீர்களா? கடைசிக் கேள்விக்கு எல்லோரும் சிரித்தார்கள்.

"அது ஆம்பளைக வேலையில்ல ஆத்தா! நாங்க எங்கிட்டு அடிக்க?"

இல்லை என்று எழுதினேன். இருபத்தொன்பது பேர் முடிந்தது. முப்பதாவதாக வரவேண்டியவள் ஊசியைப் பார்த்ததும் பின்வாசல் வழியாகப் போய்விட்டாள். ஐந்து மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். நான் கையைப் பிசைந்துகொண்டு நிற்பதைப் பார்த்து அம்மா வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். "ஒரு ஆளு கொறஞ்சா என்னடி, நான் ஒருத்தி இங்கன குத்துக்கல்லாட்டம் இருக்கேன்ல. எடுக்கச் சொல்லு." சொந்தக்காரர்களைச் சேர்க்கக் கூடாது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் எடுத்தோம். பெயருக்குப் பதிலாக எண் மட்டும்தான் குப்பியில் இருக்கும். அம்மா முப்பது.

மூன்றாவது வாரம் மேடம் என்னை அறைக்குக் கூப்பிட்டார். மேசையில் இரண்டு தாள்கள். திராட்சை ஊரில் அளவு இறங்கியிருந்தது, எதிர்பார்த்ததுதான். எங்கள் ஊரில் அதைவிட இறங்கியிருந்தது. கண் தன்னால் கடைசி வரிக்குப் போனது. இரண்டு ஊரிலும் சேர்த்து மிகக் குறைவு முப்பதாம் எண்.

"ஐஸ் பெட்டியை வழியில திறந்தியா?" என்று மேடம் கேட்டார்.

"இல்லை மேடம்."

வாழ்க்கையில் அவ்வளவு வேகமாக நான் பொய் சொன்னதே இல்லை. விடுதிக்கு வந்து படுத்தேன். நான்கு முறை திறந்தேனே, நான்கு முறையும் சூடு உள்ளே போயிருக்குமே, ரத்தம் கெட்டிருக்குமே. கெட்டிருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்ளவும் செய்தேன். கெடவில்லை என்றால் அந்த எண் அம்மாவின் உடம்பு. என் முட்டாள்தனத்தால் ஆராய்ச்சி பாழாகிப் போகட்டும், அம்மா நன்றாக இருக்கட்டும் என்று மீனாட்சியிடம் பேரம் பேசினேன். அடுத்த நிமிடமே, ஆராய்ச்சியும் போய்விடக் கூடாது என்று சேர்த்துக்கொண்டேன்.

மறுபடியும் எடுத்தோம். அதே முப்பது பேர், அதேபோல் ஒரு ஞாயிற்றுக்கிழமை. இந்த முறை பெட்டியைச் சணல் கயிற்றால் கட்டி ஆறு முடிச்சு போட்டேன். மடியிலேயே வைத்திருந்தேன், தொடவில்லை. முடிவும் மாறவில்லை.

மேடம் பொறுமையாகத்தான் சொன்னார்: "அந்த ஊர்ல வேற ஏதோ இருக்கு. நமக்கு அதைத் தேட நேரமில்லை. ஒப்பிடறதுக்கு வேற ஊர் பாரு. சின்னமனூர் பக்கம், இல்ல வடுகபட்டி பக்கம் எங்கேயாவது. இந்த முப்பது படிவத்தை எடுத்து ஓரமா வை."

ஓரமாக வைத்தால் ஆறு மாதத்தில் ஆய்வேட்டைக் கொடுத்துவிடலாம். சரி மேடம் என்று எழுந்து கதவுவரை போனேன். அதற்குமேல் கால் நகரவில்லை. திரும்பி வந்து, முப்பதாம் எண் எங்கம்மா என்று சொன்னேன். பெட்டியைத் திறந்ததையும் சொன்னேன். மேடம் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு என்னைத் திட்டிய திட்டு இன்னும் காதில் இருக்கிறது. திட்டி முடித்த பிறகு, வேறொரு குரலில் கேட்டார்.

"அம்மா எங்க வேலைக்குப் போறாங்க?"

"மலைக்கு மேடம். குமுளிக்கு அங்கிட்டு. ஏலக்காய் எடுக்க. ஜீப்புல போயிட்டு சாயங்காலம் வந்துருவாக."

"மத்தவங்க?"

"எல்லாரும்தான்."

"இது ஏன் படிவத்துல இல்லை?"

படிவத்தில் அந்தக் கேள்வியே இல்லை என்றேன். அந்தப் படிவத்தைத் தயாரித்தவளே நான்தான். வேறு ஊரில் பிறந்தவளாக இருந்தால் முதல் நாளே கேட்டிருப்பாள். எனக்கு நடக்கத் தெரிந்த நாளிலிருந்து அம்மா விடிகாலையில் ஜீப் ஏறிப் போவதைப் பார்த்திருக்கிறேன். தெரிந்ததை யாராவது கேட்பார்களா? அதிலும் மலை என்றால் எங்களுக்கெல்லாம் நல்ல காற்று. காய்ச்சல் வந்து எழுந்தவர்களை, நாலு நாள் குமுளியில் சொந்தக்காரர் வீட்டில் இருந்துவிட்டு வா என்று அனுப்புகிற ஊர் அது.

அடுத்த வாரம் அம்மாவோடு நானும் ஜீப்பில் போனேன். ஒரு நாள் மட்டும், அன்றைக்கு வராத ஒருத்தியின் இடத்தில். அந்த ஜீப்பில் பதினான்கு பெண்கள். ஒவ்வொருத்திக்கும் தனித்தனி இடம் உண்டு. யார் மடிமேல் யார் முழங்கை இருக்கும் என்பதுகூட மாறாது. ஒருத்தி இரண்டு மூன்று வாரம் சேர்ந்தாற்போல் வராவிட்டால், அந்த இடத்துக்குக் காத்திருக்கிறவள் ஏறிக்கொள்வாள். அப்புறம் கேட்டாலும் கிடைக்காது. வர முடியாதவள், தன் இடத்துக்கு ஓர் ஆளை அனுப்பிவிட்டால் இடம் அவளுடையதாகவே இருக்கும். ஆள் சேர்க்கிற பொறுப்பு பக்கத்து வீட்டு அயித்தையிடம் இருந்தது. முன்சீட்டில் டிரைவருக்கு இடதுபுறம் அவர்தான்.

லோயர்கேம்ப் தாண்டி வளைவுகள் தொடங்கின. ஜீப்புக்குள் வாய் ஓயவில்லை. யார் மகள் யாரோடு பேசினாள், யார் வீட்டு மாடு கன்று போட்டது, நான் எப்போது கல்யாணம் செய்யப் போகிறேன். "வாத்திச்சி, ரத்தம் எடுத்தியே, அதுல மாப்பிள்ளை தெரியுறாகளா?" என்று அயித்தை கேட்டார். எல்லா வளைவும் சிரிப்பிலேயே கடந்தது. குமுளியில் டீ குடித்தார்கள்.

எஸ்டேட்டில் தூறல். செடியின் தூரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, மண்ணை ஒட்டிக் காய்த்திருப்பதைப் பறித்துப் பையில் போட வேண்டும். பத்து மணிக்கு மேல் மோட்டார் சத்தம் கேட்டது. இரண்டு வரிசை தள்ளி ஆண்கள் மருந்து அடித்தார்கள். நீளமான ரப்பர் ஓஸ். அதைச் செடிகளுக்கு இடையில் சிக்காமல் யாராவது இழுத்துக் கொடுக்க வேண்டும். மேஸ்திரி கூப்பிட்டதும் அம்மா பையை வைத்துவிட்டு எழுந்தார். ஓஸைத் தோளில் போட்டுக்கொண்டு, சேலையை முழங்கால்வரை தூக்கிச் செருகி, மேட்டில் இழுத்துக்கொண்டு ஏறினார். இணைப்பில் ஒழுகிய மருந்துத் தண்ணீர் முதுகில் வழிந்தது. ரவிக்கை நனைந்து ஒட்டிக்கொண்டது.

"அம்மா, என்னம்மா இது?"

"என்னது என்ன? ஓஸு. அடிக்கிறது அவுக. நாங்க இழுத்துத்தான விடுறோம்."

நீங்கள் மருந்து அடிப்பீர்களா என்று கேட்டு, இல்லை என்று முப்பது தடவை எழுதியவள் நான்.

மூன்றரைக்கு ஜீப் இறங்கத் தொடங்கியது. காலையில் பேசிய யாரும் பேசவில்லை. தலையைக் கம்பியில் சாய்த்திருந்தார்கள். இரண்டாவது வளைவில் ஒருத்தி டிரைவரின் தோளைத் தட்டினாள். ஜீப் நின்றது. அவள் இறங்கி ஓரமாகக் குனிந்தாள். அதற்கடுத்து அம்மா. அதற்கடுத்து இன்னொருத்தி. டிரைவர் இன்ஜினை நிறுத்திவிட்டு பீடியைப் பற்ற வைத்தார். அவருக்கு இது தினமும் நடக்கிற காரியம்.

"வளைவு," என்றார் அம்மா, வாயைத் துடைத்துக்கொண்டு. "இந்த வளைவு எனக்கு ஒத்துக்கவே மாட்டேங்குது."

எங்கள் ஊர் முழுக்க இதைத்தான் சொல்லும். மலைக்குப் போய் வருகிறவர்களுக்கு வளைவு ஒத்துக்கொள்ளாது. சாயங்காலம் அம்மா சாப்பிடாமல் சுருண்டு படுப்பதற்கும், கை நடுங்குவதற்கும், கண் மங்கலாக இருக்கிறது என்பதற்கும் அதுதான் காரணம். அதற்காக எலுமிச்சம்பழம் வாங்கி வைப்பது சின்ன வயதில் என் வேலையாக இருந்தது. எனக்கு எந்த மலையிலும் எந்த பஸ்ஸிலும் குமட்டியதே கிடையாது. அன்றைக்கு என் வாயில் எச்சில் ஊறிக்கொண்டே இருந்தது. நெற்றிப்பொட்டில் வலி தெறித்தது. நான்காவதாக நான் இறங்கினேன்.

குனிந்து நிற்கும்போதுதான் அது உறைத்தது. ஏறும்போதும் இதே வளைவுகள்தானே? காலையில் ஒருத்திகூட வாந்தி எடுக்கவில்லையே? இருபது வருடத்துக்கு மேலாக அந்த வீட்டில் இருந்திருக்கிறேன். ஒரு நாள்கூட இதை நான் கேட்டுக்கொள்ளவில்லை. வாந்தியோடு அழுகையும் சேர்ந்து வந்தது. அயித்தை இறங்கி வந்து என் முதுகைத் தடவினார். "மொதநாளு அப்படித்தான் இருக்கும். பழகிரும் ஆத்தா," என்றார்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நொதி, அளவு, முப்பதாம் எண். அம்மா முதலில் சிரித்தார். பிறகு எரிச்சலானார். "ஒன்னைப் படிக்க வச்சது எனக்கே வியாதி கண்டுபிடிக்கவா?" ஓஸ் இழுப்பதையாவது விடு என்று கெஞ்சினேன். "நான் விட்டா இன்னொருத்தி இழுப்பா," என்றார். லாரி ஓட்டப் போயிருந்த அப்பா வந்ததும் அவரிடம் சொன்னேன். அவர், "ஒங்கம்மா யார் சொல்லி என்னைக்குக் கேட்டா?" என்றார். அவ்வளவுதான் அவரால் முடிந்தது.

அதன் பிறகு எனக்கு மதுரையில் இருப்புக் கொள்ளவில்லை. பாதிப் பாடத்தில் எழுந்துபோய் எஸ்.டி.டி. பூத்திலிருந்து பக்கத்து வீட்டுக்குப் போன் போடுவேன். அம்மா வந்துவிட்டாரா, சாப்பிட்டாரா, நடுக்கம் இருக்கிறதா? ஒரு நாள் ஆறு மணிக்கும் ஜீப் வரவில்லை என்றார்கள். அங்கேயே நின்று பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை போட்டேன். டயர் பஞ்சராம். பூத்காரர் எனக்குத் தண்ணீர் கொடுத்தார்.

மேடம் ஒரு டாக்டரை அழைத்துக்கொண்டு எங்கள் ஊருக்கே வந்தார். சமுதாயக் கூடத்தில் பெண்களை உட்கார வைத்து, ஒவ்வொருத்தியையும் தனியாகக் கூப்பிட்டு அவள் அளவைச் சொன்னார்கள். மருந்து படாமல் ஆறு வாரம் இருந்தால் உடம்பு தன்னால் சரிக்கட்டிக்கொள்ளும், ஆனால் மருந்து படுகிற வேலைக்கு மறுபடி போகவே கூடாது என்று டாக்டர் சொன்னார். மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள். திங்கட்கிழமை காலையில் ஜீப் நிறைந்து போனது.

அம்மா மட்டும் போகவில்லை. "ஒம் படிப்புக்கு இது வேணும்ங்கிற. ஆறு வாரம்தான? ஒக்காந்துட்டுப் போறேன்," என்றார். தன் இடத்துக்கு அயித்தையின் மருமகளை அனுப்பினார். அந்தப் பெண் அந்த வருடம்தான் கல்யாணமாகி வந்தவள். என் முப்பது படிவங்களில் அவள் இல்லை. அதனால் அவளைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை. இதை எழுதும்போது கூச்சமாகத்தான் இருக்கிறது.

அந்த ஆறு வாரத்தில் ஊருக்குப் போனபோதெல்லாம் நான் வேறு ஓர் அம்மாவைப் பார்த்தேன். சாயங்காலம் உட்கார்ந்து பேசினார். இரண்டாவது முறை குழம்பு ஊற்றிச் சாப்பிட்டார். ஊசியில் நூல் கோத்தார். எனக்குச் சின்ன வயதிலிருந்தே இந்த அம்மா கிடைத்திருக்க வேண்டும் என்று தோன்றும்போதெல்லாம் கோபம் வந்தது, யார் மேல் என்று தெரியாத கோபம். ஆனால் எண் ஏறவில்லை என்றால்? வேறு ஏதாவது பெரிய வியாதியாக இருந்தால்? விரல் நகம் முழுவதையும் கடித்து முடித்தேன்.

ஆறாவது வாரம் ரத்தம் எடுத்தோம். மதுரையில் முடிவு வந்ததும் மேடத்திடம் சொல்லிவிட்டு அப்படியே பஸ் ஏறிவிட்டேன். வீட்டு வாசலில் அம்மாவும் அயித்தையும் ஜீப்பில் வரும் இன்னும் நாலைந்து பெண்களும் உட்கார்ந்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை.

"ஏறிருச்சாடி?" என்றார் அம்மா.

"ஏறிருச்சும்மா. நல்லா ஏறிருச்சு."

சத்தமாகச் சிரித்தேன். அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டேன். இனி யாரும் வளைவு என்று சொல்ல முடியாது. எல்லோரும் கண்ணால் பார்த்துவிட்டார்கள். அம்மா பிழைத்துவிட்டார்.

"அப்ப நாளைக்கு நான் போகலாம்ல," என்றார் அம்மா.

எனக்குப் புரியவில்லை. டாக்டர் சொன்னதை மறுபடியும் சொன்னேன். "போகவே கூடாதுன்னு டாக்டர் சொன்னாரும்மா, போகவே கூடாதுன்னு."

"அதெல்லாம் சொன்னாக. சரியாயிரும்னும் சொன்னாகல்ல? சரியாயிருச்சு. இனிமே எறங்குனா மறுபடியும் ஒக்காந்துக்கிருவோம்."

அயித்தை ஏற்கெனவே எல்லாவற்றையும் யோசித்து முடித்திருந்தார். எங்கள் ஊரில் வாய்க்கால் தண்ணீர் குறைந்தால் வயலுக்கு முறை வைத்துப் பாய்ச்சுவார்கள். இன்றைக்கு இவர், நாளைக்கு அவர். யாரும் சண்டை போட மாட்டார்கள். அதே மாதிரி ஜீப்பிலும் முறை. ஒருத்தி ஆறு வாரம் உட்காருவாள். அவள் இடத்தில் மருமகள் போவாள். ஆறு வாரம் முடிந்ததும் அவள் ஏறிக்கொள்ள, அடுத்தவள் இறங்குவாள். மருமகளுக்கென்று தனி இடம் கிடையாது, அதனால் உட்காருகிற முறையும் கிடையாது. எல்லோரும் பேசி ஒத்துக்கொண்டாகிவிட்டது.

"ஒம் படிப்பால எங்களுக்கும் ஒரு வழி பொறந்துச்சு ஆத்தா," என்று அயித்தை என் கன்னத்தை வழித்தார். "மொறைய வரிசையா எழுதிக் குடுத்துரு. நீ எழுதுனா யாரும் மாத்திப் பேசமாட்டாக."

கத்தினேன். இது அதற்கு இல்லை, இப்படிச் செய்தால் ஒன்றும் ஆகாது, செத்துப் போவீர்கள் என்றுகூடச் சொன்னேன். அவர்கள் காத்திருந்தார்கள். பாவம், படித்த பிள்ளைக்குப் பதற்றம் அதிகம் என்ற முகத்தோடு, நான் முடிக்கும்வரை காத்திருந்தார்கள். பிறகு ஒருத்தி என் பையிலிருந்தே நோட்டை எடுத்துக் கொடுத்தாள். ஆறு வாரமாவது உட்காருவார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு பேனாவைத் திறந்தேன்.

அயித்தை பெயர்களைச் சொல்லச் சொல்ல எழுதினேன். அம்மா நீங்கலாகப் பதிமூன்று பெயர்கள். "என்னையக் கடைசியாப் போடு. நான் இப்பத்தான ஒக்காந்து எந்திரிச்சேன்," என்றார் அம்மா. மனசு தன்னால் பெருக்கிப் பார்த்தது. அம்மாவுக்கு முன்னால் பதிமூன்று பேர், ஆளுக்கு ஆறு வாரம்.

"அம்மா, ஒன்றரை வருஷம் ஆகும் உன் முறை வர."

"ஆகட்டும். எங்க ஓடிப்போகப் போகுது?"

எல்லோரும் என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசி வரியில் அம்மாவின் பெயரை எழுதி, தாளைக் கிழித்து அயித்தையிடம் கொடுத்தேன்.